ஐந்தாவது ஓவர்

கொங்கு நாட்டு விளையாட்டுக் களங்கள் – அத்தியாயம் 17

கோவை அவிநாசி சாலையில், பீளமேட்டுக்குச் சற்று மேற்கே, நவ இந்தியா நிறுத்தத்தை ஒட்டி அமைந்துள்ள ஸ்ரீ ராமகிருஷ்ணா கலை அறிவியல் கல்லூரியின் மைதானம் 2022-ஆம் ஆண்டில் இரண்டு மாத இடைவெளிக்குள் இரண்டு இறுதியாட்டங்களைக் கண்டது. ஜூலை 31 அன்று நடந்த தமிழ்நாடு பிரீமியர் லீக் இறுதியாட்டம் மழையால் முடிவின்றி நின்றுபோக, கோப்பை இரு அணிகளுக்கும் பொதுவென அறிவிக்கப்பட்டது. செப்டம்பர் 21 முதல் 25 வரை நடந்த துலீப் கோப்பை இறுதியாட்டத்தில் மேற்கு மண்டலம் தெற்கு மண்டலத்தை 294 ஓட்ட வித்தியாசத்தில் ஐயத்துக்கு இடமின்றி வென்றது. தரத்தையும் பழமையையும் வைத்து எடைபோட்டால் இரண்டாவது ஆட்டமே பெரியது. ஆனால் கோவைக்கென்று ஒரு கிரிக்கெட் ரசிகர் கூட்டம் எப்போது உருவானது, எதைக் கண்டு உருவானது என்று தேடிச் செல்பவர் முடியாமல் போன அந்த முதல் ஆட்டத்தின் முன்னால்தான் நின்றாக வேண்டும். ஒரு பருவம் முழுவதும் ஆடிச் சேர்த்தவற்றை அதன் கடைசி சில நாட்கள் எவ்வாறு புரட்டிப் போடுகின்றன என்பதையும், அந்தப் புரட்டலைப் பின்தொடர்வதை ஒரு நகரம் எவ்வாறு பழகிக்கொண்டது என்பதையும் இந்த அத்தியாயம் ஆராய்கிறது.

பீளமேட்டின் விளையாட்டு வாழ்க்கை ஆலைகளிலிருந்தும் கல்விக்கூடங்களிலிருந்தும் பிறந்தது என்பதை முந்தைய அத்தியாயங்கள் விரிவாகச் சொல்லியிருப்பதால் இங்கே ஓரிரு வரிகள் போதும். பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் புதல்வர்கள் நால்வரும் குடும்பச் சொத்தை ஐந்து பங்காக்கி, ஐந்தாவது பங்கை அறத்துக்கு ஒதுக்கி 1926-இல் நிறுவிய பி.எஸ்.ஜி. அறநிலையமும், பின்னர் எஸ்.என்.ஆர். சன்ஸ் அறக்கட்டளையும் இந்தச் சாலையின் இரு மருங்கிலும் வகுப்பறைகளோடு மைதானங்களையும் அமைத்தன. நகரின் கிரிக்கெட் நெடுங்காலம் இத்தகைய கல்லூரி மைதானங்களிலேயே வளர்ந்தது. அதனால் அதன் பார்வையாளர்களும் மாணவர்கள், ஆலை ஊழியர்கள், முன்னாள் ஆட்டக்காரர்கள் என்ற சிறிய வட்டத்துக்குள்ளேயே இருந்தனர். மாநில அணியின் பெரிய ஆட்டங்கள் பெரும்பாலும் சென்னைக்கே உரியவையாக இருந்தன. 1954–55-இலும் 1987–88-இலும் ரஞ்சிக் கோப்பை தமிழகத்துக்கு வந்தபோது கோவை வாசகர் அதை மறுநாள் நாளிதழில் படித்து மகிழ்ந்தார். அந்த மகிழ்ச்சி உண்மையானது என்றாலும், அது தொலைவிலிருந்து பெறப்பட்ட மகிழ்ச்சி.

2016-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24 அன்று தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியபோது இந்த நிலை மாற வழி பிறந்தது. சூதாட்ட விவகாரத்தின் விளைவாகச் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி இந்தியன் பிரீமியர் லீக்கிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு விலக்கிவைக்கப்பட்டிருந்த காலம் அது. தமிழக ரசிகருக்குத் தம்முடையது என்று சொல்லிக்கொள்ள ஓர் அணி இல்லாத அந்த ஆண்டில், மாநிலக் கிரிக்கெட் சங்கம் ஊர்ப்பெயர் தாங்கிய எட்டு அணிகளை உருவாக்கியது. இலங்கைத் தமிழரான அல்லிராஜா சுபாஸ்கரனின் லைக்கா நிறுவனம் வாங்கிய அணிக்கு லைக்கா கோவை கிங்ஸ் என்று பெயர் அமைந்தது. பெயரில் கோவை இருந்ததே தவிர, முதல் பருவத்தின் ஆட்டங்கள் சென்னையிலும் திண்டுக்கல்லை அடுத்த நத்தத்திலும் திருநெல்வேலியிலும்தான் நடந்தன. தன் ஊரின் பெயரைச் சட்டையில் அணிந்தவர்களை வேற்றூர்களில் மட்டுமே பார்க்க முடிந்த அந்த ஆண்டுகளில் கோவை ரசிகரின் ஈடுபாடு தொலைக்காட்சிப் பெட்டியோடு நின்றுவிட்டதில் வியப்பில்லை. 2022-இல்தான் லீக்கின் ஆட்டங்கள் நவ இந்தியா மைதானத்துக்கு வந்தன. வந்த முதல் ஆண்டிலேயே இறுதியாட்டமும் உடன் வந்தது.

இறுதியாட்டத்துக்கு முன்னால் அமையும் சில நாட்களின் அமைப்பை இங்கே விளக்கிவிடுவது நல்லது. எட்டு அணிகள் ஒவ்வொன்றும் மற்ற ஏழோடும் ஒருமுறை மோதும் 28 ஆட்டங்கள் லீக் சுற்று எனப்படும். அதில் முதல் நான்கு இடங்களைப் பிடிக்கும் அணிகள் ஆடும் நான்கு ஆட்டங்கள் ப்ளே-ஆஃப் எனப்படும். முதலிரண்டு இடத்தவர் மோதும் ஆட்டம் முதல் தகுதியாட்டம். அதில் வென்றவர் நேரே இறுதிக்குச் செல்வர். மூன்றாம், நான்காம் இடத்தவர் மோதுவது எலிமினேட்டர் என்னும் வெளியேற்ற ஆட்டம். அதில் தோற்றவர் அன்றே ஊர் திரும்ப வேண்டும். முதல் தகுதியாட்டத்தில் தோற்றவரும் வெளியேற்ற ஆட்டத்தில் வென்றவரும் இரண்டாம் தகுதியாட்டத்தில் சந்திப்பர். அதில் வெல்பவருக்கே இறுதியாட்டத்தின் இன்னோர் இடம். லீக் சுற்றில் உழைத்து மேலே வந்தவருக்கு ஒருமுறை இடறி விழவும் உரிமை தரும் இந்த ஏற்பாடு, ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் கென் மெக்கின்டயர் என்பவர் வகுத்து, ரிச்மண்ட் கால்பந்துக் கழகத்தின் பெர்சி பேஜ் முன்மொழிந்து, 1931-இல் விக்டோரியக் கால்பந்து லீக்கில் நடைமுறைக்கு வந்ததாகும். பேஸ்பாலின் உடன்பிறப்பான சாஃப்ட்பாலின் பன்னாட்டுப் போட்டிகளும் இதைக் கைக்கொண்டன. இந்தியன் பிரீமியர் லீக் 2011-இல் இதற்கு மாறியது. தமிழ்நாட்டு லீக்கும் அதன் வழியே வந்தது.

ப்ளே-ஆஃப் என்னும் சொல்லை உலகெங்கும் பரப்பிய அமெரிக்கப் பேஸ்பாலில் இதே சிக்கலுக்கு வேறொரு விடை கண்டுள்ளனர். அங்கே ஓர் அணி லீக் பருவத்தில் மட்டும் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. அதன் பிறகு அக்டோபர் மாதத்தில் வரும் பிந்தைய சுற்றுகளில் பெரும்பாலானவை ஒற்றை ஆட்டங்களாக அமையாமல் ஐந்து அல்லது ஏழு ஆட்டங்கள் கொண்ட வரிசைகளாக அமைகின்றன. 1903-இல் பாஸ்டன் அணியும் பிட்ஸ்பர்க் அணியும் மோதிய முதல் உலகத் தொடர் ஒன்பது ஆட்டங்களுக்குத் திட்டமிடப்பட்டு எட்டில் முடிந்தது. பின்னர் ஏழில் நான்கை வெல்பவர் வாகையர் என்ற முறை நிலைபெற்றது. பந்தெறிபவர் நாளுக்கு நாள் மாறும் அந்த விளையாட்டில் எந்த ஓர் அணியும் எந்த ஒரு நாளிலும் எவரையும் வீழ்த்திவிட முடியும் என்பதால், ஒரு நாளின் தற்செயலைப் பல நாட்களின் கூட்டல் கழித்தலால் சமன் செய்யப் பார்க்கின்றனர். இதனால் ரசிகரின் துன்பமும் நீள்கிறது, நம்பிக்கையும் நீள்கிறது. 2004-இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் நியூயார்க் யாங்கீஸிடம் முதல் மூன்று ஆட்டங்களையும் தோற்ற பின் அடுத்த நான்கையும் வென்று, உலகத் தொடரையும் வென்று, 1918-க்குப் பிறகு முதன்முறையாக வாகை சூடியது. அந்த நான்கு இரவுகளில் பாஸ்டன் நகரம் பட்ட பாட்டுக்கு ஒற்றை ஆட்ட முறையில் இடமே இருந்திருக்காது.

இருபது ஓவர் கிரிக்கெட்டும் அடிப்படையில் பேஸ்பாலைப் போன்றே தற்செயலுக்கு இடம் தரும் ஆட்டம். ஒரு பக்கத்துக்கு 120 பந்துகளே உள்ள அதில், ஒரே ஒரு ஓவரில் ஆட்டம் கைமாறிவிடுகிறது. அப்படியிருந்தும் இங்கே இறுதி என்பது ஓர் இரவுதான். இதற்குக் காரணம் நாட்காட்டி. இந்தியன் பிரீமியர் லீக் மே மாத இறுதியில் முடிந்து, உள்நாட்டுப் பருவம் ஆகஸ்டு இறுதியில் தொடங்கும் வரை உள்ள குறுகிய இடைவெளியில்தான் மாநில லீக் 32 ஆட்டங்களையும் முடித்தாக வேண்டும். அந்த இடைவெளி தென்மேற்குப் பருவமழையின் காலமாகவும் அமைந்துவிடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழையும் காற்று ஆடி மாதத்தில் கோவையை எப்படி ஆட்டிவைக்கும் என்பதை இவ்வூராருக்குச் சொல்லத் தேவையில்லை. காற்றோடு வரும் சாரல் சில நாட்களில் மழையாகவே இறங்கிவிடும். 2022 ஜூலை 31 ஆடி மாதத்தின் நட்டநடுவில் விழுந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அந்த இறுதியாட்டத்துக்குக் கோவை வந்த வழியே ரசிகரை ஈர்த்துக்கொள்ளப் போதுமானதாக இருந்தது. லீக் சுற்றில் முன்வரிசையில் நின்ற நெல்லை ராயல் கிங்ஸ் முதல் தகுதியாட்டத்தில் சேப்பாக் சூப்பர் கில்லீஸிடம் தோற்றது. வெளியேற்ற ஆட்டத்தைக் கடந்து வந்த கோவை, இரண்டாம் தகுதியாட்டத்தில் அதே நெல்லையை வீழ்த்தித் தன் சொந்த ஊர் மைதானத்தின் இறுதிக்குள் நுழைந்தது. எதிரே நின்ற சேப்பாக் அணி 2017, 2019, 2021 ஆகிய மூன்று ஆண்டுகளின் வாகையர். சென்னைக்கும் கோவைக்கும் இடையே தொழிலிலும் கல்வியிலும் நெடுநாளாக நிலவும் போட்டியுணர்வு லீக்கின் இறுதியாட்டம் ஒன்றில் வெளிப்பட அதுவரை வாய்ப்பு அமைந்ததில்லை. தலைநகரின் அணி மீண்டும் மீண்டும் எடுத்துச் செல்லும் கோப்பை தம் ஊர் மண்ணில் வைத்துத் தடுக்கப்படுமா என்ற கேள்வியே அன்றைய மாலைக்கு இருந்த ஈர்ப்பு.

மழையால் தாமதமான ஆட்டம் பக்கத்துக்குப் பதினேழு ஓவர்களாகக் குறைக்கப்பட்டது. எம். ஷாருக் கான் தலைமையில் முதலில் ஆடிய கோவை, சாய் சுதர்சனின் அரைச்சதத்தைத் தூணாகக் கொண்டு 9 விக்கெட் இழப்புக்கு 138 ஓட்டங்கள் எடுத்தது. கௌஷிக் காந்தி தலைமையிலான சேப்பாக் அணிக்கு 139 இலக்கு. ஓவருக்கு எட்டு ஓட்டங்களுக்குச் சற்று மேல். நான்கு ஓவர்களில் அது ஒரு விக்கெட்டை இழந்து 14 ஓட்டங்களே எடுத்திருந்தபோது மழை மீண்டும் இறங்கியது. அதன் பிறகு ஆட்டம் தொடரவில்லை.

இருபது ஓவர் ஆட்டத்தின் விதியொன்று இந்த இடத்தில் வரலாற்றையே முடிவு செய்தது. மழை குறுக்கிட்டால், இரண்டாவதாக ஆடும் அணி குறைந்தது ஐந்து ஓவர்களாவது ஆடியிருந்தால்தான் டக்வொர்த்–லூயிஸ்–ஸ்டெர்ன் முறைப்படி வெற்றி தோல்வியைக் கணக்கிட முடியும். இந்த முறை, ஓர் அணியின் கையில் மீதமுள்ள ஓவர்களையும் விக்கெட்டுகளையும் அதன் வளமாகக் கருதி, அந்த வளத்தில் எவ்வளவு செலவழிந்ததோ அதற்கேற்ப அது எடுத்திருக்க வேண்டிய ஓட்டங்களைக் கணக்கிடுகிறது. ஓவருக்கு மூன்றரை ஓட்டங்கள் என்ற அளவில் நகர்ந்துகொண்டிருந்த சேப்பாக், தேவையான வேகத்தில் பாதியைக்கூட எட்டவில்லை. இன்னும் ஆறே பந்துகள் வீசப்பட்டிருந்தால், அந்த ஓவரில் ஓட்டங்கள் கொட்டினாலன்றி, கணக்கு கோவையின் பக்கம் சாய்ந்திருக்கவே வாய்ப்பு மிகுதி. வீசப்பட்டவை நான்கு ஓவர்கள். ஆகவே கணக்கு இல்லை, முடிவும் இல்லை. கோப்பை பகிரப்பட்டது. பதிவேடுகளின்படி அது சேப்பாக்கின் நான்காவது பட்டம், கோவையின் முதல் பட்டம்.

இத்தகைய முடிவு கிரிக்கெட்டுக்குப் புதிதன்று. 2002 செப்டம்பர் இறுதியில் கொழும்பில் இந்தியாவும் இலங்கையும் மோதிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதியாட்டம் முதல் நாள் மழையால் நின்றது. மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடராமல் முதலிலிருந்து ஆடப்பட்டு, அதுவும் மழையால் நின்று, கோப்பை இரு நாடுகளுக்கும் பொதுவாயிற்று. இரண்டு நாட்களிலும் இலங்கை தன் ஐம்பது ஓவர்களை முழுமையாக ஆடியிருக்க, இந்தியா இரண்டு முறையும் தொடங்கி நின்றதுதான் மிச்சம். பேஸ்பாலின் வழி வேறு. 2008 அக்டோபர் 27 அன்று பிலடெல்பியாவில் நடந்த உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டம் இரு அணிகளும் இரண்டிரண்டு ஓட்டங்களோடு சமநிலையில் இருந்தபோது, ஆறாவது ஆட்டப்பகுதியின் நடுவில் மழையால் நிறுத்திவைக்கப்பட்டது. இரண்டு நாட்கள் கழித்து, 29-ஆம் தேதி, சரியாக அதே இடத்திலிருந்து, அதே எண்ணிக்கையிலிருந்து தொடர்ந்து, பிலடெல்பியா 4–3 என்று வென்று வாகை சூடியது. 2016-இல் சிகாகோ கப்ஸ் அணியின் 108 ஆண்டுக் காத்திருப்பை முடித்துவைத்த ஏழாவது ஆட்டத்திலும் கூடுதல் ஆட்டப்பகுதிக்கு முன் பதினேழு நிமிடம் மழை குறுக்கிட்டது. ஆட்டம் காத்திருந்து தொடர்ந்தது. ரசிகரின் பக்கம் நின்று பார்த்தால், காத்திருக்கச் சொல்வது ஒன்று, முடிந்துவிட்டது என்று சொல்வது வேறொன்று. காத்திருப்பில் வேதனை உண்டு என்றாலும் அதற்கு ஒரு முடிவு உறுதி. கோவையில் அன்று கலைந்து சென்றவர்களுக்கு அந்த உறுதி கிட்டவில்லை. மறுநாளுக்கென்று ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டிருந்தால் அடுத்த ஆண்டுகளின் கதை வேறு விதமாக அமைந்திருக்கும். அடுத்த மே மாதத்திலேயே அகமதாபாத்தில் இந்தியன் பிரீமியர் லீக்கின் இறுதியாட்டம் மழையால் மறுநாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டு, நள்ளிரவு கடந்து, சென்னை அணியின் ஜடேஜா கடைசி இரு பந்துகளில் அடித்த பத்து ஓட்டங்களில் முடிந்ததைப் பார்த்தவர்கள், ஒரு மாற்று நாள் என்ன செய்யும் என்பதைக் கண்ணாரக் கண்டனர்.

பாதிக் கோப்பை ஊரை ஏமாற்றியிருக்கும் என்று எண்ணத் தோன்றும். உண்மையில் நடந்தது அதற்கு நேர்மாறானது. முழுமையாகக் கிடைத்த வெற்றி ஒரு வாரப் பேச்சோடு அடங்கிவிடும். கிடைத்தும் கிடைக்காத ஒன்று பருவம் முடிந்த பின்னும் வாதத்துக்கு உரியதாக நீடிக்கும். ஐந்தாவது ஓவர் வீசப்பட்டிருந்தால் என்ற கேள்விக்கு விடை இல்லை என்பதாலேயே அது பீளமேட்டின் கல்லூரி விடுதிகளிலும், மாலைத் தேநீருக்குக் கூட்டம் சேரும் பேக்கரிகளிலும் பேசப்படும் பொருளாயிற்று. இறுதியாட்டத்தை இழந்த ரசிகரும் வென்ற ரசிகரும் வேறு வேறு இனம். இரண்டும் அல்லாத ரசிகரைக் கோவையே முதலில் உருவாக்கியது என்று சொல்வது மிகையாகலாம், ஆனால் அடுத்த பருவத்தின் புள்ளிப் பட்டியலை ஆட்டத்துக்கு ஆட்டம் கூட்டிக் கழிக்கும் பழக்கம் இங்கே வேரூன்றியது அந்த இரவுக்குப் பிறகுதான். அந்தக் கணக்கின் நுட்பமான பகுதி நிகர ஓட்ட விகிதம்: ஓர் அணி ஓவருக்கு எடுத்த சராசரி ஓட்டங்களிலிருந்து அது ஓவருக்குக் கொடுத்த சராசரி ஓட்டங்களைக் கழித்தால் வருவது. புள்ளிகள் சமமானால் இதுவே இடத்தைத் தீர்மானிப்பதால், தங்கள் அணி ஆடாத நாளிலும் வேறு இரு அணிகளின் ஆட்டத்தில் யார் எவ்வளவு வித்தியாசத்தில் வெல்ல வேண்டும் என்று ரசிகர் கவலைப்பட வேண்டியதாகிறது. ப்ளே-ஆஃப் முறையின் உண்மையான ஆட்சி அந்தக் கவலையில் இருக்கிறது. அது நான்கு ஆட்டங்களோடு நிற்பதில்லை, முந்தைய 28 ஆட்டங்களுக்கும் பொருள் தருகிறது.

செப்டம்பரில் நடந்த துலீப் இறுதியாட்டம் இதனோடு ஒப்பிட அமைதியானது. ஆனால் கற்றவர் அதை மறக்க மாட்டார். மண்டல அணிகள் மோதும் அந்தப் பழைய கோப்பையில், முதல் இன்னிங்ஸில் பின்தங்கிய மேற்கு மண்டலத்தை யஷஸ்வி ஜெய்ஸ்வால் தம் 265 ஓட்டங்களால் தூக்கி நிறுத்தினார். கடைசி நாளில், எதிரணி மட்டையாளரை வரம்பு மீறிச் சீண்டிக்கொண்டிருந்த அதே ஜெய்ஸ்வாலை அணித்தலைவர் அஜிங்க்ய ரஹானே மைதானத்தை விட்டு வெளியேறச் சொன்னார். வெற்றி கைக்கு எட்டிய நேரத்தில், அந்த வெற்றியைத் தேடித் தந்தவரையே ஒழுங்கின் பொருட்டு அனுப்பிவைத்த அந்தச் செயல் நவ இந்தியா மைதானத்தின் வரலாற்றில் உயர்ந்த தருணங்களுள் ஒன்று.

2023-ஆம் ஆண்டுப் பருவம் கோவை மைதானத்தில் ஜூன் 12 அன்று தொடங்கியது. அதற்கு முன் பிப்ரவரியில், லீக் வரலாற்றில் முதன்முறையாக ஆட்டக்காரர்கள் ஏலம் விடப்பட்டபோது, கோவை கிங்ஸ் சாய் சுதர்சனை 21.6 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. அந்த ஏலத்தின் உச்ச விலை அதுவே. மே 29 அன்று அகமதாபாத் இறுதியாட்டத்தில் குஜராத் அணிக்காக 47 பந்துகளில் 96 ஓட்டங்கள் எடுத்துவிட்டு வந்தவர், இரண்டு வாரம் கழித்து நவ இந்தியாவில் திருப்பூர் தமிழன்ஸ் அணிக்கு எதிரான தொடக்க ஆட்டத்திலேயே 86 ஓட்டங்கள் குவித்தார். அவர் சென்னைக்காரர்; அணியில் பலரும் வெளியூரினர். இதைச் சுட்டிக்காட்டி, இது எப்படிக் கோவை அணியாகும் என்று கேட்போர் உண்டு. அந்தக் கேள்வி நியாயமானது என்றாலும் ஆழமற்றது. பாஸ்டன் அணியிலும் பாஸ்டன்காரர் அரிதே. நூறாண்டுகளாக அந்நகரத்தார் அந்த அணியைத் தமதென்று கருத அது தடையாக இருந்ததில்லை. ஊருக்கும் அணிக்கும் உள்ள உறவைப் பிறப்புச் சான்றிதழ் தருவதில்லை. இருவரும் சேர்ந்து கழித்த கடினமான நாட்கள் தருகின்றன.

அந்தப் பருவத்தின் ப்ளே-ஆஃப் நாட்கள் அத்தகையவை. முதல் தகுதியாட்டத்தில் கோவை திண்டுக்கல் டிராகன்ஸை வென்று இறுதிக்குள் நுழைந்துவிட்டது. எதிரி யார் என்பதை அறிய மூன்று நாள் காத்திருந்தது. ஜூலை 10 அன்று திருநெல்வேலியில் நடந்த இரண்டாம் தகுதியாட்டத்தில் 186 என்ற இலக்கைத் துரத்திய நெல்லை அணிக்குக் கடைசி இரண்டு ஓவர்களில் 37 ஓட்டங்கள் தேவைப்பட்டன. அஜிதேஷ் குருசுவாமியும் ரித்திக் ஈஸ்வரனும் பத்தொன்பதாவது ஓவரில் மட்டும் 33 ஓட்டங்களை அடித்தனர். கைவிட்டுப்போன ஆட்டத்தை இப்படி மீட்டுக்கொண்ட அணியை, அதன் சொந்த ஊரான சங்கர் நகர் மைதானத்தில், அதன் ரசிகர்களின் ஆரவாரத்துக்கு நடுவே ஜூலை 12 அன்று கோவை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. முந்தைய ஆண்டு சொந்த மண்ணில் முடியாத இறுதி, இந்த ஆண்டு எதிரியின் மண்ணில்.

நேரில் செல்லாத கோவையார் அன்று தொலைக்காட்சியின் தமிழ் வர்ணனையிலும் கைபேசித் திரைகளிலும் கண்ட ஆட்டம் எதிர்பார்த்த நாடகமாக அமையவில்லை. அதுவே அவர்களுக்குப் பேரின்பமாயிற்று. ஜே. சுரேஷ் குமார், யு. முகிலேஷ், அதீக் உர் ரஹ்மான் ஆகிய மூவரும் அரைச்சதம் எடுக்க, கோவை 5 விக்கெட் இழப்புக்கு 205 ஓட்டங்கள் குவித்தது. ஜாதவேத் சுப்ரமணியனின் சுழலில் நான்கு விக்கெட்டுகளை இழந்த நெல்லை 101 ஓட்டங்களில் சுருண்டது. 104 ஓட்ட வித்தியாசம். மழைக்கும் கணக்குக்கும் விதிக்கும் வேலை இல்லாத வெற்றி. யாருடனும் பங்கிட வேண்டாத கோப்பை கோவைக்குக் கிடைத்தது. இரண்டு நாள் முன்பு ஒரே ஓவரில் 33 ஓட்டங்கள் அடித்த அணி எவ்வாறு இப்படிச் சரிந்தது என்பதற்கு ஆட்ட நுட்பத்தில் விடை தேடுவோர் உண்டு. ஒற்றை இரவு முறையின் இயல்பே அது என்று கொள்வது பொருத்தம். நெல்லைக்கு ஏழு ஆட்ட வரிசை ஒன்று கிடைத்திருந்தால் மறுநாள் அது எழுந்து நின்றிருக்கக்கூடும்.

மாநில அணியையும் சொந்த ஊரில் வைத்து இப்படிப் பின்தொடரும் பேறு 2024 பிப்ரவரியில் கோவைக்கு வாய்த்தது. தன் பிரிவில் முதலிடம் பெற்ற தமிழ்நாடு, ரஞ்சிக் கோப்பைக் காலிறுதியை நவ இந்தியாவில் ஆடியது. எதிரே நின்றது நடப்பு வாகையரான சௌராஷ்டிரம். அணியில் சேதேஷ்வர் புஜாரா. ரஞ்சியின் வெளியேற்றச் சுற்றுகளில் ஆட்டம் சமனில் முடிந்தால் முதல் இன்னிங்ஸில் முன்னிலை பெற்ற அணி அடுத்த சுற்றுக்குச் செல்லும் என்பது விதி. எனவே முதல் இரண்டு நாட்களிலேயே பாதி முடிவு எழுதப்பட்டுவிடும். சாய் கிஷோர் தலைமையிலான தமிழ்நாடு பாதியோடு நிற்கவில்லை. சௌராஷ்டிரத்தை 183-க்குச் சுருட்டி, தான் 338 எடுத்து, மறுபடியும் 122-க்குச் சுருட்டி, இன்னிங்ஸும் 33 ஓட்டங்களும் என்ற வித்தியாசத்தில் மூன்றே நாட்களில் வென்றது. ஏழாண்டுகளுக்குப் பின் அரையிறுதி. மும்பையில் நடந்த அந்த அரையிறுதியில் தமிழ்நாடு இன்னிங்ஸ் தோல்வி கண்டது வருந்தத்தக்கதே. ஆயினும், முன்பெல்லாம் நாளிதழ் வழியே மட்டும் வந்துசேர்ந்த மாநில அணியின் பெருவெற்றி ஒன்று அவிநாசி சாலையிலேயே நிகழ்ந்தது என்பது இந்த நகரத்தின் கிரிக்கெட் வரலாற்றில் அழியாத பதிவு.

அதே ஆண்டின் லீக்கில் கோவை மூன்றாவது முறையாகத் தொடர்ந்து இறுதிக்குச் சென்றது. முதல் தகுதியாட்டத்தில் திருப்பூர் வைத்த, இருநூறை ஒட்டிய இலக்கைச் சாய் சுதர்சன் ஆட்டமிழக்காமல் எடுத்த 123 ஓட்டங்கள் எளிதாக்கின. ஆகஸ்டு 4 அன்று சேப்பாக்கம் மைதானத்தில் நடந்த இறுதியில் கதை மாறியது: கோவை 129 ஓட்டங்களோடு நிற்க, அணித்தலைவர் ரவிச்சந்திரன் அஸ்வினின் அரைச்சதத்தால் திண்டுக்கல் 6 விக்கெட் வித்தியாசத்தில் வென்று தன் முதல் பட்டத்தைப் பெற்றது. பகிர்ந்த கோப்பை, முழுக் கோப்பை, இழந்த கோப்பை என்று இறுதியாட்டத்தின் மூன்று முகங்களையும் மூன்றே ஆண்டுகளில் கோவை பார்த்து முடித்துவிட்டது.

2025-இல் கோவை ப்ளே-ஆஃபுக்கே தகுதி பெறவில்லை. அந்த ஆண்டின் கடைசி நாட்கள் வேறொரு பாடத்தை வைத்திருந்தன. லீக் சுற்றின் ஏழு ஆட்டங்களையும் வென்று, தோல்வியே அறியாமல் வந்த சேப்பாக், முதல் தகுதியாட்டத்தில் திருப்பூரிடம் தோற்று, இரண்டாம் வாய்ப்பில் திண்டுக்கல்லிடமும் தோற்று வெளியேறியது. இரண்டு முறை விழ அனுமதிக்காத அமைப்பு, ஏழு வெற்றிகளை இரண்டு தோல்விகளால் அழித்துவிட்டது. பேஸ்பால் ரசிகர் ஒருவருக்கு இதை விளக்கினால் அவர் வியக்க மாட்டார். லீக் பருவத்தில் மிகுதியாக வென்ற அணி அக்டோபரில் கவிழ்வது அங்கே ஏறத்தாழ வழக்கமாகிவிட்ட ஒன்று. ஜூலை 6 அன்று நத்தத்தில் நடந்த இறுதியில் சாய் கிஷோரின் திருப்பூர் தமிழன்ஸ், துஷார் ரஹேஜா, அமித் சாத்விக் ஆகியோரின் ஆட்டத்தால் 220 ஓட்டங்கள் குவித்துத் திண்டுக்கல்லை 118 ஓட்ட வித்தியாசத்தில் வீழ்த்தியது.

காரைக்குடிப் பெயரில் தொடங்கிப் பின்னர் இடம் மாறிய அந்தத் திருப்பூர் அணியின் வெற்றியால் கோப்பை மீண்டும் கொங்கு நாட்டுக்கு வந்தது; உடன் ஒரு புதிய சிக்கலும் வந்தது. பீளமேட்டிலிருந்து கிழக்கே செல்லும் அதே அவிநாசி சாலையில், கருமத்தம்பட்டியும் அவிநாசியும் எந்த அணிக்கு உரியவை? நெசவும் பின்னலாடையும் இரு நகரங்களோடும் பிணைத்துள்ள அந்த ஊர்களில், ஒரே வீட்டில் கோவை ரசிகரும் திருப்பூர் ரசிகரும் இருக்கத் தொடங்கியுள்ளனர். சேலம் அணியையும் சேர்த்தால், எட்டில் மூன்று அணிகள் கொங்கு மண்டலத்தவை. இம்மூன்றும் ஒரே ப்ளே-ஆஃபில் சந்திக்கும் ஆண்டு 2025 வரை வரவில்லை. பீளமேட்டில் வெளியேற்ற ஆட்டத்தின் பதற்றத்தைக் கிரிக்கெட்டுக்கு நெடுநாள் முன்பே பழக்கிவிட்ட பி.எஸ்.ஜி. கோப்பைக் கூடைப்பந்துப் போட்டியின் வரலாறு அடுத்த அத்தியாயத்துக்கு உரியது.

(தொடரும்)